அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது? – கடிதம்

வணக்கம்.

திருச்சி பொன்மலையிலிருந்து எழுதுகிறேன். அப்பா ரயில்வே பணிமனையில் இருந்தவர், காலமாகி ஒன்பது வருடமாகிறது. அம்மாவுக்கு 79 வயது. இரண்டு வருடமாக மறதி நோய். பகலில் சும்மா இருப்பார். பொழுது சாய்ந்ததும் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று புடவையை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிடுவார். போன மாதம் விடிகாலை மூன்று மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய்விட்டார். சந்தைப் பக்கம் ஒரு பால்காரர் பார்த்துக் கூட்டி வந்தார். நான் பள்ளி ஆசிரியை. பகலுக்கு ஒரு அம்மாளை வைத்திருக்கிறேன். இரவு முழுக்க நான்தான். ஒருநாள் ராத்திரி அம்மாவை அடித்துவிட்டேன். இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் அண்ணன் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்கிறார். பிறகு அவரே "சமயபுரம் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் விட்டுடு" என்கிறார். மாதக் கட்டணத்தை அம்மாவின் பென்ஷனிலிருந்துதான் கட்ட வேண்டும். அதுவும் உறுத்துகிறது. நான் செய்வது சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அடித்ததை எழுதினீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு வருடம் தூங்காத கை அது. உங்களை நீங்கள் மன்னிக்க இன்னும் நாளாகலாம். ஆனால் வீட்டில் இருப்பதால் மட்டும் அம்மா பத்திரமாக இல்லை என்பதை அந்த ராத்திரி உங்களுக்குச் சொல்லிவிட்டது.

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது கும்பகோணத்தில் அக்கா வீட்டில் வைத்துப் பார்த்தோம். 'இல்லத்தில் விடமாட்டோம்' என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். மாதம் ஒருமுறை போய், "உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்க்கா" என்று சொல்லிவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. அக்கா ஒரே ஆள். இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. பவுடர் போட்டோம். அடுத்த பத்து நாளில் அங்கே விரல் நுழையும் குழி. டிரெஸ்ஸிங் செய்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் மூவரில் ஒருவர்கூட அந்த வீட்டில் ஒரு ராத்திரி விழித்ததில்லை.

அதனால் உங்கள் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து, பத்து ராத்திரியும் அம்மா அறையில் அவர் படுக்கட்டும். பகலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் அது கேட்க வேண்டிய பேச்சு.

அதற்கு முன்னால் ஒரு வேலை. போன மாதத்திலிருந்துதான் திடீரென்று அதிகமாயிற்று என்றால், அம்மாவை டாக்டரிடம் காட்டி ரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதியுங்கள். சோடியம் குறைந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும், தைராய்டு, பி12 குறைவு இருந்தாலும் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலும் அப்படித்தான். 'வயசாயிடுச்சு' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்றே 1978 முதல் பிரிவு நடக்கிறது. அந்தப் படிப்புப் படித்தவர் கிடைத்தால் அவரிடமே காட்டுங்கள். சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்த பிறகும் ராத்திரிகள் இப்படியே இருந்தால் இல்லத்தைப் பற்றி யோசியுங்கள்.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. முதியோர் இல்லம் என்றால் பெரும்பாலும் தானாக எழுந்து நடமாடுகிறவர்களுக்கு. மறதி நோய்க்காரர்களை வைத்துக்கொள்ளும் இடம் குறைவு. நீங்கள் பார்த்து வைத்த இல்லத்தில் முதலில் அதைக் கேளுங்கள். மாவட்டத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்மா ராத்திரி எழுந்து நடந்தால் என்ன செய்வார்கள்? கட்டிலோடு கட்டுவார்களா, தூக்க மாத்திரை கொடுப்பார்களா, கூட நடக்க ஆள் இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கூடப் போவது யார்? பதிலை எழுதி வாங்குங்கள். சுற்றிக் காட்ட அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போங்கள், பிறகு சொல்லாமல் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். அங்கே இருப்பவர்களின் நகத்தையும் உதட்டையும் குதிகாலையும் பாருங்கள். தண்ணீர் கொடுக்கிறார்களா, புரட்டிப் படுக்கவைக்கிறார்களா என்பதை அவை சொல்லிவிடும்.

தலைமுடியையும் பாருங்கள். பிறகு என் அம்மாவையும் இல்லத்தில்தான் சேர்த்தோம். முதலில் சேர்த்த இல்லத்தில் மூன்றாவது ஞாயிறு போனபோது அவர் தலை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இடுப்பு வரை இருந்த நரைமுடி. "பேன் வந்துடுச்சு" என்றார்கள். எங்களைக் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. அசைகிற ஒரு கையால் அம்மா பிடரியைத் தடவித் தடவிக் கொண்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வாரமே வேறு இடத்துக்கு மாற்றினோம். அங்கே இருந்த ஆயா, முடி வளர்ந்ததும் தினமும் எண்ணெய் வைத்துச் சீவி, ஒரு துணுக்குப் பூவும் செருகிவிடுவார். ஒருவர் தலையைச் சீவ நேரம் இருக்கும் இடத்தில்தான் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் நேரம் இருக்கும். அதனால் யார் கேட்டாலும் இதைத்தான் நான் முதலில் சொல்கிறேன்.

பென்ஷன் அம்மாவின் பணம். அம்மாவுக்குச் செலவாவதில் உங்களுக்கு என்ன உறுத்தல்? நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழுக்குத் தபால்காரரே நேரில் வந்து பதிந்து கொடுப்பார், அதற்காக அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். பென்ஷன் போதாவிட்டால் மீதியில் அண்ணனுக்கும் பங்கு உண்டு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007 பிள்ளைகள் எல்லோருக்கும் பொது.

நாலு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. முழுவதுமாகக் கைகழுவும் எண்ணத்தோடு பெற்றவரை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போவதை அந்தச் சட்டம் குற்றம் என்கிறது. மூன்று மாதம் வரை சிறை. நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்து, வாரம் தவறாமல் போய் நிற்கிற மகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எடுத்த எடுப்பில் நிரந்தரமாகச் சேர்க்காதீர்கள். ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

சமயபுரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பொய் அவருக்கு மறந்துபோகும், ஏமாந்த பயம் உடம்பில் தங்கிவிடும். "அம்மா, ராத்திரியில என்னால பாத்துக்க முடியல. அங்க ராத்திரி முழுக்க ஆள் இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை நான் வருவேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். அழுவார். அரை மணி நேரம் கழித்து "எங்க போறோம்?" என்பார். அதையே திரும்பச் சொல்லுங்கள். போகும்போது அவர் வழக்கமாகக் காபி குடிக்கும் டம்ளரையும், தலைக்கு வைத்துக்கொள்ளும் பழைய தலையணையையும் உறை மாற்றாமல் எடுத்துப் போங்கள். பையில் புடவையை அவரே மடித்து வைக்கட்டும்.