கண்ணாடி முன்னால் தன்னைத் திட்டிக்கொள்பவர்கள்

வணக்கம் மேடம். ஈரோட்டில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததுமே தங்களைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். "என் மூஞ்சியப் பாக்க எனக்கே பிடிக்கல", "குண்டாகி அசிங்கமா ஆயிட்டேன்" என்கிறார்கள். "அப்படியெல்லாம் இல்லக்கா, அழகாத்தான் இருக்கீங்க" என்றால் "சும்மா சொல்லாத" என்று பதில் வருகிறது. பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப். "ரெண்டு ஷேடு கலரா காட்டிடும்மா" என்று அவள் பெரியம்மா சொன்னார். அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. இவர்களிடமெல்லாம் நான் என்ன பேச வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

வாக்ஸிங்குக்கு வரும் பெண்கள் பலர் காலை நீட்டும்போதே "சாரி, ரொம்ப நாளாச்சு" என்பதைக் கேட்டிருப்பீர்கள். முடி எடுக்கத்தான் வருகிறார், ஆனால் முடி இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கிறார். இதற்குமுன் வேறெங்கோ ஒருவர் "என்ன மேடம், ஸ்கின் இவ்ளோ டல்லா இருக்கு, வீட்ல எதுவுமே பண்றதில்லயா?" என்று கேட்டிருப்பார். நீங்களும் கேட்பதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று முந்திக்கொள்கிறார். உங்கள் பார்லரில் கேட்கும் திட்டில் பெரும்பகுதி இந்தப் பயத்தில் வருவது என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் "அழகாத்தான் இருக்கீங்க" எடுபடுவதில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது, 2020-இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. உங்களிடம் வரும் நாற்பது வயதுப் பெண், நிறம் வந்தால் வேலை வரும், மாப்பிள்ளை வருவான் என்ற விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்தவர். வீட்டிலும் அதையே கேட்டிருப்பார். நீங்கள் சொல்லும் ஒரு வரி அதை அழித்துவிடாது. நீங்கள் மறுக்க மறுக்க, அவர் தன் வயிற்றையும் கன்னத்தையும் காட்டி நிரூபிக்கத்தான் பார்ப்பார்.

மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "ரொம்ப அலைச்சலாக்கா?" என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்பவரிடம் "இதுக்குத்தானே வந்திருக்கீங்க, சாஞ்சுக்குங்க" என்று சொன்னால் போதும். "இன்னிக்கு என்ன செஞ்சா உங்களுக்கு நல்லா இருக்கும்?" என்பது நல்ல கேள்வி, ஏனென்றால் குறையில் நிற்கும் பேச்சு அங்கே விருப்பத்துக்கு மாறுகிறது. முடி வெட்டும்போது நாற்காலியைக் கண்ணாடியைப் பார்க்காதபடி கொஞ்சம் திருப்பி வைக்கலாம். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை அவர்கள் கேட்காமல் கையில் கொடுக்காதீர்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்து "எனக்கும்தான்க்கா, பாருங்க என் வயித்த" என்று உங்கள் பெண்கள் சொல்லலாம். அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து நாற்காலியில் இன்னும் பருமனான ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

சில நேரம் அவர்களைத் தேற்றுவது உங்களுக்குத் தெரிந்த விஷயமாகவே இருக்கும். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது பலருக்கும் நடக்கும், பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் சரியாகிவிடும். இதை ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள், தன்னை நொந்துகொள்வது குறையும். கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. பல நேரம் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதை அழுத்தித் தேய்க்கவோ ப்ளீச் போடவோ வேண்டாம், "ஒருதடவை சுகர் பாத்துக்குங்கக்கா" என்று யாருக்கும் கேட்காமல் சொல்லுங்கள். தாடையில் முடி அடர்ந்து, மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்று ஒரு பெண் சொன்னால் மகளிர் மருத்துவரிடம் போகச் சொல்லலாம். நோய் என்னவென்று நீங்கள் சொல்ல வேண்டாம், அது மருத்துவர் வேலை.

அப்புறம், சாதாரணப் புலம்பலைத் தாண்டிய சிலர் இருப்பார்கள். இல்லாத தழும்பைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், எதைச் செய்தாலும் அழுவார்கள், வெளியே போவதையே நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு ஃபேஷியல் உதவாது. மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

இனி அந்தக் கல்யாணப் பெண். குனிந்த அந்தத் தலை எனக்கும் மனதை விட்டுப் போகவில்லை. பெரியம்மாவிடம் நிறத்தைப் பற்றி வாதாடாதீர்கள், தொழிலைப் பேசுங்கள். இரண்டு ஷேடு கூட்டினால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் தெரியும், மாலை போட்ட கழுத்தும் மருதாணிக் கையும் வேறு ஆளுடையது மாதிரி நிற்கும். "ஆல்பத்துல அப்படியே விழும்மா" என்றால் யோசிப்பார். ட்ரையலுக்கு முடிந்தால் அவளைத் தனியாக வரச் சொல்லுங்கள். தாடையோரம் இரண்டு மூன்று ஷேடு தடவி, வாசல் வெளிச்சத்தில் காட்டி, எது வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். தன் நிறத்துக்கே போடச் சொன்னால், பெரியம்மாவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கே கொஞ்சம் கூட்டிப்போட வேண்டும் என்றிருந்தால், அதற்காக அவளுக்கு வகுப்பெடுக்காமல் கழுத்தோடு ஒட்டிப்போகும் அளவில் செய்துகொடுங்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டீடேனும் ப்ளீச்சும் கேட்டு வருபவருக்குச் செய்யுங்கள், அது உங்கள் பிழைப்பு. த்ரெடிங்குக்கு வந்தவரிடம் "ஃபேஸ் ரொம்ப டேன் ஆயிருக்கே" என்று ஆரம்பித்து விற்காதீர்கள். உங்கள் பெண்களையும் விற்க விடாதீர்கள். விலைப்பட்டியலைச் சுவரில் பெரிதாக ஒட்டிவையுங்கள். வேண்டியதை அவர்களே பார்த்துக் கேட்கட்டும்.

அன்புடன்.