20 இலட்சக் கடன் வாங்கித் தரும் முக்கால் தொன்

கேள்வி: ஐயா, ஒட்டுசுட்டான் பக்கம் ஆறு ஏக்கர் வயல் செய்கிறேன். 35 குதிரைவலு உழவு இயந்திரமும் அதன் பின்னால் இழுக்கும் ஒற்றை அச்சுப் பெட்டியும் (டிரெயிலர்) கடனில்லாமல் சொந்தமாக இருக்கின்றன. அறுவடை நேரம் அயலவர்களின் நெல் மூடைகளும், வெயில் காலத்தில் கிரவல், மணலும் ஏற்றுகிறேன். ஒரு கியூப் ஏற்றினால் இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது, பயமாக இருக்கிறது. 50 குதிரைவலு இயந்திரம் ஒன்று 34 இலட்சத்துக்கு வருகிறது. பழையதைக் கொடுத்தால் 14 இலட்சம் கழிப்பார்கள். மிச்சம் 20 இலட்சத்தையும் நான்கு வருட லீசிங்கில் எடுக்கலாம், 18 வீதம்தான் வட்டி என்கிறார்கள். கையில் 5 இலட்சம் சேமிப்பு உண்டு. அதைத் தொடவே கூடாது என்கிறார் மனைவி. இயந்திரத்தை எடுக்கலாமா?

பதில்: தம்பி, இப்போது எடுக்க வேண்டாம். உங்களுடைய பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து அந்த 50 குதிரைவலுவில் இல்லை. குதிரைவலு பெட்டியை இழுக்கத்தான் உதவும். இறக்கத்தில் உங்களுக்கு வேண்டியது நிறுத்தும் பலம். அதைத் தருவது இயந்திரத்தின் எடையும் பிரேக்கும்தான்.

முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே ஏறக்குறைய நாலரைத் தொன் வரும். நனைந்திருந்தால் 5 தொன்னைத் தொடும். வெறும் பெட்டி 1.2 தொன் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் பின்னால் வருவது ஆறு தொன்னுக்குக் கிட்ட. முன்னால் போகும் இயந்திரமோ 1.7 தொன் அளவில்தான் இருக்கும். பிரேக் இல்லாத பெட்டியின் மொத்த எடை, இயந்திரத்தின் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது என்று பல தயாரிப்பாளர்களின் கைநூல்கள் சொல்கின்றன. அதன்படி நீங்கள் இழுக்கக்கூடியது 2.55 தொன். பெட்டியின் எடையைக் கழித்தால் சரக்குக்கு மிஞ்சுவது 1.35 தொன். 70 கிலோ மூடையில் 19 மூடை.

இனிப் புதிய இயந்திரத்தைப் பாருங்கள். அதன் எடை 2.2 தொன் என்று வைத்தால் ஒன்றரை மடங்கு 3.3 தொன். பெட்டியைக் கழிக்க 2.1 தொன். அரைக் கியூப் கூட இல்லை. நான்கு வருடக் கடன் உங்களுக்கு வாங்கித் தருவது வெறும் முக்கால் தொன். இந்தக் கணக்கை எழுதி முடித்தபோது எனக்கே மனம் கனத்தது. எத்தனை பேர் இதைப் பார்க்காமல் கையெழுத்து வைத்திருப்பார்கள்!

கடனின் கணக்கு இதைவிடக் கவலை தருகிறது. "18 வீதம்தான்" என்றவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அது முழுத் தொகைக்கும் கடைசி வரை ஒரே மாதிரிப் போடும் வட்டியா, கட்டக் கட்டக் குறையும் மீதிக்குப் போடும் வட்டியா? குறையும் மீதிக்கு என்றால் 48 மாதத்துக்கும் தவணை சுமார் 58,750 ரூபா. மொத்த வட்டி 8.2 இலட்சம். ஒரே மாதிரி வட்டி என்றால் தவணை சுமார் 71,670 ரூபா, வட்டி 14.4 இலட்சம். கடைசி மாதத்தில் உங்கள் கடன் ஒரு இலட்சத்துக்கும் குறைந்திருக்கும்போதும் 20 இலட்சத்துக்கே வட்டி கட்டுவீர்கள். குறையும் மீதியில் பார்த்தால் அது ஏறக்குறைய 30 வீத வட்டி. வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். 48 மாதத்துக்கும் கட்டும் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

டீசல், கூலி, தேய்மானம் போக ஒரு நடைக்கு 3,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். 71,670 ரூபா கட்ட மாதம் 24 நடை வேண்டும். அதுவும் நான்கு வருடமும் மாதம் தவறாமல். கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்து, கிரவல் பாதை சேறாகி, வயலுக்குள் பெட்டி இறங்காத மாதங்களில் அந்த 24 நடைக்கு எங்கே போவீர்கள்? நமக்குக் கைநிறையப் பணம் வருவது காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில். சிறுபோகமோ குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. தவணை மட்டும் மழை, வெயில் பார்க்காது. லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதி நிறுவனம்தான். தவணை தொடர்ந்து தவறினால் இயந்திரம் போய்விடும்; கொடுத்த பழையதும் திரும்பி வராது.

உங்கள் 5 இலட்சத்தில் ஒரு பகுதியைப் பெட்டிக்குப் பிரேக் பூட்டச் செலவிடுங்கள். இயந்திரத்தின் பிரேக்கை மிதிக்கும்போது பெட்டியின் சில்லுகளும் சேர்ந்து பிடிக்க வேண்டும். இரண்டு பட்டறைகளில் எழுத்தில் விலை கேளுங்கள். சேமிப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள், மனைவி சொல்வது சரி. பிரேக் பூட்டிய பிறகும் எவ்வளவு இழுக்கலாம் என்பதை உங்கள் இயந்திரத்தின் கைநூலில் பார்த்தே ஏற்றுங்கள். அதுவரை ஒரு கியூப் ஏற்றுவதை நிறுத்துங்கள். நடை கூடும், வருமானம் குறையும், தெரியும். ஆனாலும் நிறுத்துங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அறுவடை நாள் ஒன்றில் ஒரு குளக்கட்டு இறக்கத்தில் நின்றிருந்தேன். நெல் ஏற்றிய பெட்டி ஒன்று கட்டிலிருந்து இறங்கியது. ஓட்டிய பையன் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலில் விட்டிருந்தான். பாதி இறக்கத்தில் பெட்டி தள்ளத் தொடங்கியது. அவன் பிரேக்கை மிதிக்க, இயந்திரத்தின் பின்புறம் பக்கவாட்டில் ஒதுங்கி, பெட்டி அதை மடக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. பெட்டியைக் கொழுவும் விரலளவு இரும்பு ஆணி வில்லைப் போல வளைந்து கிடந்தது. பையன் குதித்துத் தப்பினான். இறக்கத்துக்கு முன்பே சின்னக் கியரைப் போட்டுவிட வேண்டும். நடுவில் கிளச்சை மிதிக்கவே கூடாது.

பணம் செலவில்லாத வேறு காரியங்களும் உண்டு. வயலில் வளைத்துத் திருப்ப இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்துவிடுகிறோம். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஏறுமுன் இரண்டையும் சேர்த்துப் பூட்டுங்கள். மறந்தால் ஒரு சில்லு மட்டும் பிடித்து இயந்திரம் சுழலும். பெட்டியைத் தாழ்வான இடத்தில் மட்டும் கொழுவுங்கள். பின் அச்சுக்கு மேலே கொழுவி இழுத்தால் முன்சில்லு தூக்கி, இயந்திரம் மல்லாக்க விழலாம். ஒற்றை அச்சுப் பெட்டியில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்னால் குவித்தால் கொழுவிய இடம் மேலே தூக்கிப் பின்சில்லின் பிடி போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை ஓட்டுபவருக்குச் சொல்லிவையுங்கள்.

பத்திரங்களையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் பெட்டியின் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு நடையும் ஏற்ற வேண்டாம். கடன் இருந்தால், இயந்திரம் பிடிபட்டு நிற்கும் நாட்களுக்கும் தவணை நிற்காது.

பின்னொரு நாள் பெரிய இயந்திரம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், குதிரைவலுவைக் கேட்குமுன் எடையைக் கேளுங்கள். எண்ணெய்க்குள் அமிழ்ந்து வேலை செய்யும் பிரேக் உள்ளதைத் தேடுங்கள். வயல் சேறும் தண்ணீரும் உள்ளே போகாது, சூடேறிப் பிடி தளர்வதும் குறைவு. பெட்டிப் பிரேக்குக்கான இணைப்பு இருக்கிறதா, விழுந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பெட்டியோடு ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாரம் ஏற்றி ஓர் இறக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் மேல் பழைய லீசிங் பாக்கி ஏதும் இல்லை என்ற கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இந்தக் காலபோகத்திலிருந்து ஒரு கொப்பியில் ஒவ்வொரு நடையையும் எழுதுங்கள்: என்ன பாரம், எவ்வளவு டீசல், கையில் என்ன மிஞ்சியது. அடுத்த காலபோக அறுவடை வரை எழுதி அனுப்பினால், எந்த மாதம் எவ்வளவு தவணை தாங்கும் என்பதை உங்களோடு உட்கார்ந்து பார்ப்பேன்.