ரீகால், அதாவது கோளாறு இருப்பதால் விற்ற பொருளை நிறுவனமே திரும்பக் கேட்கிறது என்று செய்தி வந்ததும் அந்தப் பொருளைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா?

எறியாதீர்கள். பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பொருளைத் திருப்பி அதன் எண்ணைப் பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது 2007 ஆகஸ்டில், ஒரு செல்போன் பேட்டரியால்.

பிஎல்-5சி என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்கு உடனே புரியும். நோக்கியா 1100-இல் இருந்து 6600 வரை பல மாடல்களுக்கும் அதே பேட்டரிதான். அந்த ஆகஸ்ட் 14ஆம் தேதி நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்துக் கொடுத்த பிஎல்-5சி பேட்டரிகள் சிலவற்றில், சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகி, அளவுக்கு மீறிச் சூடாகலாம். கேட்பவர்களுக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். அந்தக் காலத்தில் தயாரானவை 4.6 கோடி பேட்டரிகள். உலகம் முழுவதும் சேர்த்து அதுவரை பதிவானவை சுமார் 100 சம்பவங்கள். பெரிய காயம் எதுவும் யாருக்கும் இல்லை.

எங்கள் தெருவுக்கு இது வந்து சேர்ந்தபோது மட்சுஷிட்டா, தேதி எல்லாம் உதிர்ந்துபோய் ஒரே வரிதான் மிஞ்சியிருந்தது: "நோக்கியா வெடிக்குதாம்." பக்கத்து வீட்டு அக்கா போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றிக் கொல்லைப்புறத் துணி துவைக்கும் கல்லில் வைத்துவிட்டார். என் அம்மா மட்டும் போனை எவர்சில்வர் தட்டில் வைத்து சார்ஜ் போட ஆரம்பித்தார். அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால், மெத்தைக்கும் தலையணைக்கும் நடுவில் போட்டு சார்ஜ் ஏற்றுகிற நம்மைவிட அவர் எவ்வளவோ தேவலை.

வீட்டில் மூன்று பிஎல்-5சி இருந்தன. என்னுடையது, அப்பாவுடையது, அப்புறம் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய உபரி. பேட்டரியின் பின்பக்கம் 26 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் பொடி எழுத்தில் இருக்கும். அதை நோக்கியாவின் இணையதளத்தில் கொடுத்து, நம் பேட்டரி அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததா என்று அப்போது தெரிந்துகொள்ள முடிந்தது. அப்பா டார்ச் அடிக்க, நான் ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எங்கள் இரண்டு போன் பேட்டரியும் பட்டியலில் இல்லை. மூன்றாவதைச் சரிபார்க்கவே முடியவில்லை. அதன் பின்பக்கம் இருந்தவை மொத்தமே பதினாலு எழுத்துதான். டூப்ளிகேட்.

ரீகாலைப் பற்றிப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். ரீகால் செய்யப்பட்ட பொருளுக்கு ஒரு முகவரி இருக்கிறது. எந்த ஆலை, எந்த மாதம், என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, திரும்பக் கேட்க ஒருவர் இருக்கிறார். அந்த 120 ரூபாய் பேட்டரியை உலகத்தில் யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை.

எண்ணைப் பார்க்காமல் பிராண்டை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் வீண். 30 கோடிக்கும் மேலான பிஎல்-5சி பேட்டரிகளைப் பல நிறுவனங்கள் செய்திருந்தன. சிக்கல் ஒரே நிறுவனத்தின் ஏறத்தாழ ஒரு வருடச் சரக்கில். பேட்டரிக்குள் நேர்முனைத் தகட்டுக்கும் எதிர்முனைத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். அது எங்காவது கிழிந்தாலோ நசுங்கினாலோ இரண்டும் தொட்டுக்கொள்ளும், சூடேறும். ஆகவே ஆலையில் ஓர் இயந்திரம் பிசகினால் அந்த வரிசையில் வந்த சரக்குதான் கெடும்.

மாற்றிக் கொடுத்ததும் ஆபத்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்தபோது சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்று, வேறு ஆலையின் பேட்டரியோடு புதியது கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது! முதல் பேட்டரியில் மேல் மூலையில் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறு படலத்தைக் குத்தியது. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே மாற்றுப் பொருள் வாங்கிய பிறகும் சில மாதம் செய்தியில் ஒரு கண் இருக்கட்டும்.

சரி, ஏன் எறியக் கூடாது? பணம் திரும்பவோ புதியதோ கேட்டால் மாடல் எண்ணையோ, தயாரிப்பு எண்ணையோ, பொருளையோ காட்டச் சொல்வார்கள். குப்பையில் போட்டால் எதுவும் கையில் இருக்காது. பேட்டரி வைத்த பொருள் என்றால் குப்பை வண்டியில் நசுங்கி அங்கே தீப்பிடிக்கலாம். "நமக்கு வேண்டாம், வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம்" என்பது அதைவிட மோசம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில், தரக்கட்டுப்பாட்டு விதிக்கு ஒத்துவராத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கச் சொன்னது. விவகாரம் பிறகு நீதிமன்றம் போனது. எனக்கு அதில் பட்டது வேறு. ஆன்லைனில் வாங்கினால் யார் வாங்கினார் என்ற கணக்கு இருக்கிறது. பில் இல்லாமல் கடையில் வாங்கியவரை எப்படித் தேடுவார்கள்? ஆகவே பில்லையும் பொருளின் அடியில் இருக்கும் லேபிளையும் வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். நிறுவனம் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அந்த 120 ரூபாய் பேட்டரியா? எட்டே மாதத்தில் போனின் பின்மூடி மூடாத அளவுக்கு உப்பிவிட்டது. "காத்துதானே, ஒரு குத்து குத்தினா இறங்கிடும்" என்று அப்பா கோணி ஊசியோடு வந்தார். கையைப் பிடித்துத் தடுத்து, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, மறுநாள் பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். கவுன்டரில் இருந்த பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்களுது இல்லையே" என்றான். தெரியும் தம்பி என்றேன்.