தோலில் ஒட்டும் ஹைட்ரோஜெல்லும் கதிர் சிகிச்சையும்: கேள்வி பதில்

கேள்வி: கட்டி தோலின் மேலேயே இருக்கும்போது ஜெல் எதற்கு?

பதில்: 6 மெகாவோல்ட் எக்ஸ் கதிரின் டோஸ் உச்சம் தொடுவது சுமார் 15 மி.மீ. ஆழத்தில். மேல்தோலுக்குக் கிடைப்பது குறைவு. தண்ணீருக்கு நிகரான 5 அல்லது 10 மி.மீ. படலத்தை, அதாவது போலஸை, மேலே வைத்தால் அந்த உச்சம் தோலை நோக்கி ஏறிவரும். மூக்கிலும் காது மடலிலும் தட்டையான போலஸ் படியாது, அடியில் காற்று தங்கும். இடைவெளி பெரிதாக, அதுவும் சிறிய கதிர்ப் புலத்தில், தோல் டோஸ் சரியும். வளைவோடு வளைந்து ஒட்டும் ஜெல் இதற்காகத்தான்.

கேள்வி: பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரில் ஜெல் செய்முறை?

பதில்: 98 சதவீதத்துக்கு மேல் நீராற்பகுத்த (hydrolysed) வகையை வாங்குங்கள். 88 சதவீத வகையில் படிகங்கள் சரியாக உருவாகாது, ஜெல் தொளதொளவென்று நிற்கும். 100 மி.லி. நீரில் 10 கிராம், 90 டிகிரியில் தெளியும்வரை கலக்குங்கள். வெற்றிடத்தில் குமிழிகளை வெளியேற்றுங்கள். உள்ளே தங்கும் குமிழியும் காற்றிடைவெளிதான். அச்சில் ஊற்றி -20 டிகிரியில் 12 மணி நேரம் உறையவிட்டு உருக்குங்கள், மூன்று முறை.

அடுத்த சிக்கல் உலர்தல். நீர் போனால் தடிமன் குறையும், டோஸும் மாறும். ஒவ்வொரு அமர்வுக்கும் முன் எடை பாருங்கள். கிளிசரால் சேர்த்தால் ஈரம் நிற்கும். ஆனால் அதன் அடர்த்தி 1.26, எனவே ஜெல்லை ஒட்டிய நிலையிலேயே சி.டி. எடுத்துத் திட்டமிடுங்கள்.

இந்த ஜெல் தானாக அதிகம் ஒட்டாது. டோபமைன் பிணைத்த ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து வரும் பாலிமர்) மேற்பூச்சாகப் போடலாம். அதை அமிலத்தன்மையில் வையுங்கள். காரத்தில் டோபமைனின் ஒட்டும் பகுதியான கேட்டகால் ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்பேறும், ஒட்டும் திறன் போய்விடும்.

கேள்வி: இன்னும் வலுவாக ஒட்டவைக்க?

பதில்: வேண்டாம். சில வாரங்களில் கதிர்பட்ட தோல் சிவந்து, ஈரமாக உரியத் தொடங்கும். வலுவான பசை அந்தத் தோலையும் சேர்த்து உரித்தெடுக்கும். வலியில்லாமல் கழற்ற வருகிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கேள்வி: கதிர் பட்டு ஜெல் சிதையுமா?

பதில்: சிகிச்சை முழுவதும் சேர்த்தே 60 கிரே (டோஸின் அலகு) அளவில்தான். கிருமி நீக்கத்துக்குக் கொடுப்பது 25,000 கிரே. கவலைப்பட வேண்டியது அந்த இரண்டாவதைப் பற்றி: ஆல்ஜினேட் சங்கிலி அதில் அறுபடும்.

கேள்வி: தங்க நுண்துகள் கலந்தால் டோஸ் கூடுமே?

பதில்: துகள் ஜெல்லுக்குள், கட்டி தோலுக்குள். குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரில் தங்கத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை சில பத்து மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடும், ஜெல்லிலேயே. 6 மெகாவோல்ட்டில் காம்ப்டன் சிதறலே (எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறுவது) மேலோங்கும். அதில் தங்கத்தின் அணு எண் கூடியதால் பெரிய லாபமில்லை.

கேள்வி: பித்தளை வலையைப் போலஸாக வைக்கிறார்களே, அது மட்டும் எப்படி வேலை செய்கிறது?

பதில்: நல்ல கேள்வி, கணக்குப் போட்டுவிடுவோம். 5 மி.மீ. ஜெல்லில் ஒரு சதவீதத் தங்கம் என்றால் சதுர செ.மீ.க்கு 5 மி.கி. தகடாக அடித்தால் 2.6 மைக்ரோமீட்டர். பித்தளை வலை மில்லிமீட்டர் அளவில் தடித்தது. எலக்ட்ரான்களைக் கிளப்பித் தோலுக்குள் தள்ள அந்தத் தடிமன் வேண்டும்.

கேள்வி: துகளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தினால்?

பதில்: அது ஊசிவழி ஜெல். இங்கே பேசுவது ஒட்டும் ஜெல்.

கேள்வி: பசையைக் கூட்ட எந்த வேதிப்பொருள்?

பதில்: மேலே மூன்றாவது பதில்.

கேள்வி: ஜெல்லிலேயே கதிரியக்கத் தனிமம் வைத்தால்?

பதில்: ஆழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லுட்டீசியம்-177இன் பீட்டா கதிர் (எலக்ட்ரான்கள்) 2 மி.மீ. அளவில் நிற்கும். ரீனியம்-188 (அரை ஆயுள் 17 மணி நேரம்) அதைவிட ஆழம் போகும். பயப்பட வேண்டியது கசிவுக்கு: ரீனியத்தின் கட்டற்ற அயனியான பெர்ரீனேட் தைராய்டுக்குப் போகும், இன்னொரு பீட்டா தனிமமான இட்ரியம்-90 எலும்புக்கு. உலோக அயனியைப் பிடிக்கும் டோட்டாவைப் பாலிமரோடு சகபிணைப்பில் கட்டுங்கள். ரீனியத்துக்கு டோட்டா உதவாது. எதுவானாலும் தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே மெல்லிய தடுப்புப் படலம் இருக்கட்டும். செயற்கை வியர்வையில் 37 டிகிரியில் ஊறவைத்து, கரைசலில் கசிந்த கதிரியக்கத்தை மணிக்கணக்கில் எண்ணிப் பார்க்காமல் விலங்குச் சோதனைக்குப் போகாதீர்கள்.