புரட்டாசியில் மூச்சு வாங்கும் வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 46 வயது. கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலையில் கிளம்பிவிடுவார். மகன் உள்ளூர்க் கல்லூரியில் படிக்கிறான். மகள் பிளஸ் டூ. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவரும் மாமியார், புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் நவராத்திரியிலும் விரதம் இருந்தே தீருவேன் என்கிறார். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளித் துணிகள் குவியத் தொடங்கிவிட்டன. இதற்கிடையே, காகிதக்கூழில் ஒரு கல்யாண ஊர்வலத்தை நானே செய்து இந்த ஆண்டு கொலுவில் வைக்க வேண்டும் என்று ஆடியிலேயே தொடங்கினேன், பாதியில் நிற்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கு பத்து நாள் வரை நீடிக்கிறது. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை மெல்லாமல் இருக்க முடிவதில்லை. வேலையும் வயதும்தான் காரணம் என்று நினைக்கிறேன். பொம்மை வேலையைக் கைவிட்டுவிடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்குதல், நீண்டுகொண்டே போகும் உதிரப்போக்கு, பச்சரிசி மெல்லும் ஆசை ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து காணப்பட்டால், வேலைப்பளுவின் மீது பழிபோடுவதற்கு முன் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி போன்றவற்றைத் தின்னத் தோன்றுவது இக்குறைபாட்டோடு சேர்ந்து வரும், மருத்துவர்கள் நன்கறிந்த ஓர் அடையாளம். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. முழு ரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் சோதனை), தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள் என்பதோடு இது முடிந்துவிடாது. மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுவதும், ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டியிருப்பதும், கட்டி கட்டியாக உதிரம் போவதும், ‘நிற்கிற வயதில் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா, உட்சுவர் தடித்திருக்கிறதா என்பதை மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் மூலம் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் ஊற்றிப் பயனில்லை. இரும்பு மாத்திரை தந்தால் அதைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு நல்ல துணை. மலம் கறுத்துப் போவது மாத்திரையால் என்பதை அறிந்திருந்தால் வீண் பயம் இராது. கொலு முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாமல், இந்த வாரமே போய் வாருங்கள்.

மாமியாரின் விரதத்தைப் பொறுத்தவரை அவரோடு நீங்கள் வாதாடுவதில் பொருளில்லை. மருமகள் சொன்னால் குற்றமாகப் படுவது டாக்டர் சொன்னால் அறிவுரையாகிவிடும். அவர் சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பட்டினியால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும் வாய்ப்பு குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது உண்மையான ஆபத்து. தாமாகவே மருந்தை நிறுத்துவதும் தவறு. விரத நாளுக்குரிய அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்றித் தர வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் கண்டால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். குளுக்கோமீட்டர்ப் பொறுப்பை உங்கள் மகனிடம் ஒப்படைத்துவிடலாம். சுண்டலுக்குக் கடலை ஊறவைப்பதும் கல்லூரி மாணவனுக்கு எட்டாத வித்தை அன்று.

இனி பொம்மை. கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் கடிதத்தில் பிறருக்காக அல்லாமல் உங்களுக்காக நீங்கள் செய்வது அது ஒன்றுதான்; நெருக்கடி வந்ததும் அதையே முதலில் வெட்டத் தோன்றுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஊர்வலம் முழுவதும் இந்த ஆண்டே கொலுவேற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்ப்பதுதானே கொலுவின் வழக்கம்? நாகசுரக்காரர், தவில்காரர் இருவரை மட்டும் இப்போது முடியுங்கள். மணமக்கள் அடுத்த ஆண்டு வரட்டும். புரட்டாசி மேகத்தில் காகிதக்கூழ் சீக்கிரம் காயாது. வெந்தயம் அரைத்துச் சேர்த்த கூழை மெல்லிய அடுக்காகப் பூசி, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது வெள்ளை அடித்தால் பூஞ்சை பிடித்து, வண்ணம் உரிந்துவிடும். ஒன்பது படிக்குப் பதில் மூன்று படி வைத்தாலும் கொலு கொலுதான். மரப்பாச்சியும் கலசமும் இருந்தால் போதும். தையலுக்கு இன்றே ஒரு தேதி குறித்து, அதற்குப் பின் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று வாசலில் எழுதி மாட்டிவிடுங்கள். தீபாவளிக்கு முன் கடைத்தெருத் தையற்காரர்கள் கூச்சமில்லாமல் செய்வதுதான் இது.

கேள்வி: மனைவிக்குக் கர்ப்பப்பையை அகற்றி மூன்று வாரம் ஆகிறது. வழக்கம்போல் கொலு வைத்து, பழைய பொம்மைகளுக்கு வண்ணமும் தீட்டுவேன் என்கிறார். செய்யலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதில் தடையில்லை, நெடுநேரம் ஒரே இடத்தில் அமராமல் அவ்வப்போது எழுந்து நடக்கட்டும். பரணிலிருந்து பெட்டி இறக்குவது, படி அடுக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது ஆகியவை பொதுவாக ஆறு வாரம் வரை கூடாது; அவருடைய அறுவை சிகிச்சைக்கு உரிய கெடுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், துர்நாற்றத்துடன் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெட்டிகளை நீங்கள் இறக்குங்கள். எந்தப் பொம்மை எந்தப் படியில் என்பதை அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லட்டும். விஜயதசமி கழிந்து அவற்றைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றும் வேலையும் இந்த ஆண்டு உங்களுடையது.