மியூனிக்கில் பேசியது யார் நிலத்தை?

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கு ஹிட்லர் என்ற ஒரு மனிதரின் வெறிதானே காரணம்? கடைசி வரை சமாதானம் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினையும் சேர்த்துக் குறை சொல்வது என்ன நியாயம்? எங்கோ ஐரோப்பாவில் மூண்ட சண்டைக்கு நாம் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், அருவங்காடு.

பதில்: ஹிட்லரின் வெறியை யாரும் மறுக்கவில்லை. சேம்பர்லின் பேசியது யாருடைய நிலத்தைப் பற்றி என்பதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். 1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக்கில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஜெர்மனிக்குத் தாரை வார்த்தபோது, அந்த நாட்டின் பிரதிநிதிகள் இருவரும் கூட்டத்துக்குள் அனுமதிக்கப்படாமல் ஓட்டல் அறையில் காத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் முடிவு அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிவிட்டு, லண்டன் திரும்பிய சேம்பர்லின் கௌரவமான சமாதானம் என்று அறிவித்தார்.

சுடேட்டனோடு போனது வெறும் நிலமன்று. செக் எல்லை மலைகளில் கட்டியிருந்த அரண்களும் அதிலேயே இருந்தன. மலையரண் போனபின் சமவெளியைக் காப்பது எப்படி? 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை எதிர்ப்பின்றிப் பிராக் நகருக்குள் நுழைந்தது. ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் ஜெர்மனியின் வசமாயிற்று. அடுத்த ஆண்டு பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மன் டாங்கிகளில் கணிசமானவை செக் தயாரிப்புகள். கையெழுத்திட்ட பிரான்சே அதன் விலையைக் கொடுத்தது.

இதற்கு முன்பே பாடம் நடத்தப்பட்டிருந்தது. 1935-ல் இத்தாலி எத்தியோப்பியாவைத் தாக்கியபோது, முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் கூடி அமைத்த சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது; ஆனால், படை நகர்வதற்கு அவசியமான பெட்ரோலியத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. இப்படியொரு தடைக்கு இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி ஏன் அஞ்ச வேண்டும்?

1938 செப்டம்பரில் ஹிட்லரைப் பார்க்க மூன்று முறை விமானம் ஏறிய சேம்பர்லினின் அரசு, 1939 ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு கூட்டணி பேசத் தன் குழுவை மெதுவாகச் செல்லும் கப்பலில் அனுப்பியது. தலைமை தாங்கிச் சென்ற அட்மிரலிடம் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கான எழுத்துப்பூர்வ அதிகாரம்கூட இல்லை. ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். செப்டம்பர் 1 அன்று போலந்து தாக்கப்பட்டது. இந்த அலட்சியத்தையும் ஹிட்லரின் வெறிக் கணக்கிலேயே எழுதிவிடலாமா?

எங்கோ நடந்த சண்டை என்கிறீர்கள். செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் நம்மைப் போரில் இறக்கினார். அதை ஏற்காமல் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. உங்கள் ஊர்த் தொழிற்சாலையின் கார்டைட் என்ற வெடிமருந்து அந்தப் போருக்குத்தான் போயிற்று. 1931-ல் மஞ்சூரியாவை விழுங்கிய ஜப்பானுக்குச் சர்வதேச சங்கம் அளித்த தண்டனை ஓர் அறிக்கை மட்டுமே. அதே ஜப்பான் 1942-ல் ஜாவாவைப் பிடித்தபோது, மலேரியா மருந்தான கொயினாவில் உலகின் பெரும்பகுதியை அளித்துவந்த தீவு நேச நாடுகளின் கையை விட்டுப் போயிற்று. மலேரியாவில் படை படையாக விழுந்த வீரர்களுக்கு மருந்து தேடியவர்களுக்கு கொயினா தரும், உங்கள் நீலகிரியின் நடுவட்டத்துச் சின்கோனா மரங்களின் அருமை அப்போதுதான் தெரிந்தது.