படுக்கையிலிருந்து படுக்கை வரை எத்தனை மணி நேரம்?

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மூன்று மாதம் முன்பு என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, "பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். சென்னைக்கு ரோட்டிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வழியெல்லாம் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இப்போது அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் இதய நோயும் இருக்கிறது. இனி இப்படி ஒன்று வந்தால் 108-ஐக் கூப்பிடுவதா, மருத்துவமனை ஆம்புலன்ஸா, கடன் வாங்கியாவது ஏர் ஆம்புலன்ஸா?

பதில்: எந்த வண்டி என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் எங்கே போகப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். அது சரியாக அமைந்தால் வண்டிக் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்த நிமிடத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே வரும். இசிஜியில் உறுதியானதும் 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த ரத்தக்குழாயைப் பலூன் வைத்துத் திறப்பது) செய்ய முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாது என்று தெரிந்தால், இருக்கிற இடத்திலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ஆஞ்சியோவை 24 மணி நேரத்துக்குள் செய்துகொள்ளலாம். சின்ன மருத்துவமனையில் இசிஜி எடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிக் காட்டி, ஊசி போட்டு, பிறகு நோயாளியை மாற்றும் இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்து, முடிவுகளை 2017-இல் வெளியிட்டார்கள். பக்கவாதத்திலும் கட்டி கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான்.

இந்தக் கணக்கில் சென்னை எங்கே வருகிறது? தென்காசியிலிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கேத்லேப், அதாவது ஆஞ்சியோ செய்யும் கூடம், உண்டு. உங்கள் மாமனார் முதல் ஒரு மணி நேரத்தில் போயிருக்க வேண்டிய திசை அது. சென்னை அவசரத்துக்குப் போகும் ஊரல்ல. அவசரம் தணிந்த பிறகு, தேவைப்பட்டால் போகும் ஊர்.

அப்படியானால் விமானம் எடுத்திருந்தால் சீக்கிரம் போயிருக்கலாமே என்று தோன்றும். பறக்கிற நேரத்தை மட்டும் பார்த்தால் மதுரையிலிருந்து சென்னை ஒரு மணி நேரம்தான். ஆனால் விமானம் மதுரையில் நிற்பதில்லை. சென்னையோ, பெங்களூரோ, ஐதராபாத்தோ, எங்கே காலியாக இருக்கிறதோ அங்கிருந்து வர வேண்டும். பணம் கட்டி, ஆவணம் போய், அனுமதி வாங்கி, மருத்துவக் குழு ஏற மூன்று நான்கு மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். தென்காசியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வென்டிலேட்டர் நோயாளியோடு மூன்று மணி நேரம். ஸ்ட்ரெச்சர் ஏற்ற, இறக்க, சென்னையில் இன்னொரு ஆம்புலன்ஸ், அப்புறம் டிராஃபிக். படுக்கையிலிருந்து படுக்கை வரை கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு மணி நேரம். ரோட்டில் பத்து. பல லட்சம் கொடுத்து வாங்கியது இரண்டு மூன்று மணி நேரம்தான்.

வானத்தில் உடம்புக்கு என்ன ஆகும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கொடைக்கானல் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட அந்த மலை உயரத்து அழுத்தமாகவே இருக்கும், அதிகபட்சம் 8,000 அடிக்கு. அடைபட்ட காற்று எல்லாம் இன்னும் மூன்றில் ஒரு பங்கு போலக் கூடுதலாக விரியும். அது பாக்கெட்டில் இருந்தால் வேடிக்கை. நுரையீரலைச் சுற்றியோ, தலையில் ஆபரேஷன் செய்த இடத்திலோ, அடைத்துக்கொண்ட குடலிலோ இருந்தால் ஆபத்து.

ஒரு முறை விலா எலும்பு முறிந்த ஒருவரை ஏர் ஆம்புலன்ஸில் கூட்டிவரப் போனேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் ஓரத்தில் நூல் போல ஒரு கோடு, கொஞ்சம் காற்று. "இது பரவாயில்லை சார், இரண்டு நாளாக அப்படியேதான் இருக்கிறது" என்றார் அங்கிருந்த மருத்துவர். தரையில் பரவாயில்லைதான். நெஞ்சில் டியூப் போடாமல் ஏற்ற மாட்டேன் என்றேன். நாற்பது நிமிடம் தாமதம். குடும்பத்தாருக்கு என் மேல் அவ்வளவு கோபம். டியூபைப் போட்டதும், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி, பாட்டிலில் குமிழ் வர ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சுக்குழாயில் இருக்கும் டியூபின் சின்ன பலூன்கூட மேலே போனால் உப்பும். அதன் அழுத்தத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்கத் தெரிந்தவர் கூட வர வேண்டும்.

அதற்காக ஏர் ஆம்புலன்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. உறுப்பு மாற்று, எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் கருவி), குழந்தைகளுக்கான சிக்கலான இதய அறுவை சிகிச்சை என்று தேவையான வசதி வெகுதூரத்தில் மட்டுமே இருந்து, நோயாளியும் ஓரளவு நிலைப்பட்டிருந்தால், அதுதான் சரியான வழி. மலை வழியில் ஹெலிகாப்டர் வேறு கதை. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையே ஒரு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸை 2024 அக்டோபரில் தொடங்கியது. சாலை சுற்றிச் சுற்றிப் போகும் உத்தராகண்டில் அதற்கு அர்த்தம் உண்டு. அதே ஹெலிகாப்டர் 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்கும்போது வால் உடைந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். நம் சமவெளியில் நல்ல சாலையும் நல்ல வண்டியும் பெரும்பாலும் போதும்.

நல்ல வண்டி என்பது எது? வீட்டிலிருந்தோ விபத்து இடத்திலிருந்தோ என்றால் யோசிக்காமல் 108. தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. ஓட்டுநரைப் 'பைலட்' என்றுதான் அழைப்பார்கள், விமானம் இல்லாவிட்டாலும். கூட வருபவர் பயிற்சி பெற்ற டெக்னீஷியன், மருத்துவர் இல்லை. அவசியமானால் கட்டுப்பாட்டு அறையில் உள்ள மருத்துவரிடம் போனில் கேட்பார். ஒரு தனியார் ஐசியூவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால், நோயாளியை ஏற்கப்போகும் மருத்துவமனையிலேயே மருத்துவரோடு வண்டி அனுப்புவார்களா என்று முதலில் கேளுங்கள். அந்தக் குழுவே கடைசிவரை பொறுப்பில் இருக்கும்.

வண்டியின் பக்கவாட்டில் 'ஐசியூ' என்று பெயின்ட் அடித்திருப்பதை நம்பாதீர்கள். உள்ளே ஏறி ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பாருங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், அவ்வளவுதான். கேஜ் முள் பாதியில் நின்றால் 75. பயணம் மூன்று மணி நேரம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு வேண்டும், ஏனென்றால் டயர் பஞ்சராகும், கேட் மூடியிருக்கும். வென்டிலேட்டரை பிளக்கிலிருந்து கழற்றி ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிளம்பும் முன், நோயாளியை ஏற்கப்போகும் மருத்துவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பெட் இருக்கிறது" என்று வரவேற்பறையில் சொன்னது போதாது. இங்குள்ள மருத்துவர் அங்குள்ளவரிடம் பேசியிருக்க வேண்டும். ரெஃபரல் கடிதம், இசிஜிகள், ஸ்கேன் சிடி, எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டது என்ற குறிப்பு எல்லாம் ஒரே ஃபைலில் உங்கள் கையில் இருக்கட்டும், நோயாளியின் காலடியில் அல்ல.

ஏர் ஆம்புலன்ஸ்தான் என்று முடிவானால் போனில் பேசுபவர் விமானம் வைத்திருப்பவரா, இடைத்தரகரா என்று நேராகவே கேளுங்கள். விமானம் இயக்கும் நிறுவனத்திடம் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி இருக்கும். அதன் நகலையும் விமானத்தின் பதிவெண்ணையும் வாங்குங்கள். இரு முனையிலும் ஆம்புலன்ஸ் சேர்த்தா, மருத்துவர் யார், ஏறுவதற்கு முன்பே நோயாளியின் நிலை மோசமாகிப் பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம். காப்பீடு இருந்தால் பாலிசியில் இதற்கு உச்சவரம்பு, முன் அனுமதி என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

அம்மாவுக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நன்றாக இருக்கும்போது எடுத்த இசிஜி ஒன்றை போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்கள். அவசரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது தங்கம். மருந்துச் சீட்டையும் அப்படியே. நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பிரின் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி ஒட்டுங்கள். இரவிலும் ஆஞ்சியோ செய்யும் மருத்துவமனை திருநெல்வேலியில் எது என்று ஒரு போன் போட்டு விசாரியுங்கள். 108-க்கு உங்கள் வீட்டை அடையாளம் சொல்லப் பழகுங்கள்: எந்த ரோடு, எந்தக் கோயில், எத்தனையாவது தெரு. ராத்திரியில் கூப்பிட்டால் ஒருவர் டார்ச்சோடு தெருமுனைக்குப் போய் நிற்கட்டும்.